பழைய ஏஐ செஷன்களிலிருந்து ஸ்கில் எழுதுவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

ஏஐ ஏஜென்ட்டோடு கோடிங் செய்யும் எல்லோருக்கும் இந்த அலுப்பு பழகியிருக்கும். போன வாரம் மெனக்கெட்டுச் சொல்லிக்கொடுத்ததை, இந்த வாரம் புது செஷன் (ஏஜென்ட்டோடு ஒரு உரையாடல்) திறந்ததும் ஆனா ஆவன்னாவிலிருந்து மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது. ஏஜென்ட்டுக்கு நேற்று நடந்தது பெரும்பாலும் நினைவிருக்காது. ஆனால் நீங்கள் அடித்த ஒவ்வொரு வரியும், அது ஓட்டிய ஒவ்வொரு கமாண்டும் உங்கள் கம்ப்யூட்டரில் பதிவாகிக் கிடக்கிறது. அந்தப் பதிவுகளைப் படித்து, ஏஜென்ட் திரும்பத் திரும்பப் பயன்படுத்தக்கூடிய ஸ்கில்களாக எழுதுவது எப்படி என்று இங்கே பார்ப்போம்.

மதுரையில் கீழமாசி வீதி, சிம்மக்கல் பக்கத்து மொத்தக் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்து கொடுப்பது எங்கள் தொழில். அதனால் உதாரணங்கள் எல்லாம் பில், வரி, பிரிண்டர் என்றே வரும். உங்கள் வேலை வேறாக இருந்தாலும் முறை இதுதான். ஆந்த்ரோபிக் நிறுவனத்தின் கிளாட் கோட் கருவியை வைத்துச் சொல்கிறேன். ஓபன்ஏஐயின் கோடெக்ஸும் இதே ஸ்கில் வடிவத்தைப் படிக்கும். பதிவுகள் இருக்கும் இடம்தான் வேறு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய செஷனில் கடைசியாக வந்த நிரலைத் தேடி எடுக்காதீர்கள். அது எப்படியும் ரெப்போவில், அதாவது நிரல் சேமிப்பகத்தில், இருக்கிறது. நீங்கள் குறுக்கிட்டு “இப்படி வேண்டாம்” என்று சொன்ன இடங்களைத் தேடுங்கள். ஏஜென்ட்டின் பின்னால் இருக்கும் ஏஐ மாடலுக்குத் தெரியாத, உங்களுக்கு மட்டும் தெரிந்த விஷயமெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

ஸ்கில் என்பது என்ன

ஸ்கில் என்பது ஒரு ஃபோல்டர், அவ்வளவுதான். உள்ளே ஸ்கில் என்று கேப்பிட்டல் எழுத்துகளில் பெயரிட்ட ஒரு மார்க்டவுன் (எளிய குறிகள் கொண்ட எழுத்து) ஃபைல் கட்டாயம் இருக்க வேண்டும். அந்த ஃபைலின் தலையில், மூன்று சிறுகோடுகள் கொண்ட இரண்டு வரிகளுக்கு நடுவே, யாமல் (தலைப்பு, அதற்கு எதிரே மதிப்பு என்று எழுதும்) வடிவில் பெயரும் விளக்கமும் வரும். பெயர் 64 எழுத்துக்குள், ஆங்கிலச் சின்ன எழுத்து, எண், சிறுகோடு மட்டும் கொண்டதாக இருக்க வேண்டும். விளக்கம் 1024 எழுத்துக்குள். அதற்குக் கீழே செய்முறை; இதுதான் ஸ்கில்லின் உடல். தேவைப்பட்டால் பக்கத்தில் ஸ்கிரிப்ட்டுகள், கூடுதல் குறிப்புகள் கொண்ட ஃபைல்கள். ஆந்த்ரோபிக் நிறுவனம் 2025 அக்டோபரில் இதை அறிமுகப்படுத்தி, டிசம்பரில் யாரும் பயன்படுத்தக்கூடிய திறந்த தரமாக வெளியிட்டது.

இதில் புரிந்துகொள்ள வேண்டியது, எது எப்போது படிக்கப்படுகிறது என்பது. செஷன் தொடங்கும்போது எல்லா ஸ்கில்களின் பெயரும் விளக்கமும் மட்டும் கான்டெக்ஸ்டில், அதாவது மாடல் அப்போது பார்க்கும் எழுத்தில், ஏறும். கேட்ட வேலைக்கு ஒரு விளக்கம் பொருந்துகிறது என்று ஏஜென்ட் நினைத்தால்தான் அந்த ஸ்கில்லின் உடலைத் திறக்கும். துணை ஃபைல்களை அதற்கும் அப்புறம், தேவைப்பட்டால் மட்டும் படிக்கும். ஸ்கிரிப்ட் என்றால் ஓட்டினால் போதும். அதன் வெளியீடு மட்டும் கான்டெக்ஸ்டில் வரும். இருபது ஸ்கில் இருந்தாலும் பாரம் குறைவாக இருப்பது இதனால்தான். ப்ராஜெக்டின் கிளாட் மார்க்டவுன் ஃபைல் அப்படியில்லை. அது ஒவ்வொரு செஷனிலும் முழுதாக ஏறும். எல்லா வேலைக்கும் தேவையானது அங்கே, எப்போதாவது தேவைப்படுவது ஸ்கில்லில் என்று பிரித்துக்கொண்டால் குழப்பமில்லை.

1. முதல் வேலை, பதிவுகளைக் காப்பாற்றுவது

இதை இன்றைக்கே செய்யுங்கள். உங்கள் ஹோம் ஃபோல்டரில் புள்ளியோடு தொடங்கும் கிளாட் என்ற மறைவான ஃபோல்டர் இருக்கும். அதற்குள் ப்ராஜெக்ட்ஸ். அதில் ப்ராஜெக்டுக்கு ஒரு ஃபோல்டர், செஷனுக்கு ஒரு ஜேசன்எல் ஃபைல். மாற்றி அமைக்காவிட்டால் 30 நாளுக்கு மேல் பழையதை கிளாட் கோட் தானாகவே அழித்துவிடும். செட்டிங்ஸ் ஃபைலில் க்ளீனப் பீரியட் டேஸ் என்ற மதிப்பைக் கூட்டி வையுங்கள். அந்த ஃபோல்டரை வேறொரு இடத்துக்கு நகலெடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள். கோடெக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு ஹோமில் அதே மாதிரி மறைவான கோடெக்ஸ் ஃபோல்டருக்குள் செஷன்ஸ் என்று, ஆண்டு, மாதம், நாள் வாரியாக அடுக்கி இருக்கும்.

2. எந்த செஷன்களை எடுப்பது

எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். ஒரே மாதிரி வேலை மூன்று செஷன்களிலாவது வந்திருந்தால் அதை எடுங்கள். ஒரே ஒரு தடவை வந்த வேலைக்கு ஸ்கில் எழுதினால் அது சும்மா கிடக்கும். நீளமான செஷனெல்லாம் நல்ல செஷன் என்றும் இல்லை. சில சமயம் பத்து நிமிட செஷனில் நீங்கள் சொன்ன ஒற்றை வரிதான் அந்தத் தொழிலின் முழு விவரமாக இருக்கும்.

3. திருத்தங்களைத் தேடிப் பிடிப்பது

வழிகாட்டியின் மையம் இதுதான், இங்கே அவசரப்பட வேண்டாம்.

ஜேசன்எல் ஃபைலில் வரிக்கு ஒரு ஜேசன் (கம்ப்யூட்டர் படிக்க வசதியாக அடுக்கிய தரவு) இருக்கும். அப்படியே திறந்தால் படிக்க முடியாது. பெரும்பகுதி ஏஜென்ட் படித்த ஃபைல்களும் கமாண்ட் வெளியீடும்தான். உங்கள் பேச்சு நடுவில் அங்கங்கே புதைந்திருக்கும். யூசர் வகை வரிகளை மட்டும் வடிகட்டினால் போதுமே என்று தோன்றும். போதாது. ஏஜென்ட் ஓட்டிய டூல்கள் (ஃபைல் படிப்பது, கமாண்ட் ஓட்டுவது போன்றவை) தந்த முடிவுகளும் யூசர் வகையாகவே பதிவாகின்றன. உள்ளடக்கத்தில் டூல் ரிசல்ட் என்று குறித்த வரிகளைத் தள்ளிவிட்டு, வெறும் எழுத்தாக இருப்பதை மட்டும் எடுக்க வேண்டும். இதற்கு ஒரு சின்ன பைதான் ஸ்கிரிப்ட் எழுதச் சொல்லி ஏஜென்ட்டையே கேளுங்கள். உங்கள் ஒவ்வொரு வரியோடும் அதற்கு முன் ஏஜென்ட் சொன்ன கடைசிப் பத்தியையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். “வேண்டாம்” என்பது மட்டும் கிடைத்தால், எது வேண்டாம் என்று தெரியாது.

அப்புறம் தேடல். நம்மில் பலர் ஏஜென்ட்டிடம் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறோம். “வேண்டாம்” என்ற சொல் ஒரே ஆளின் செஷன்களிலேயே மூன்று நான்கு எழுத்துக்கூட்டலில் இருக்கும். “இல்ல”, “தப்பு”, “மறுபடியும்”, “ஏற்கெனவே சொன்னேன்”, “அப்படி இல்ல” எல்லாவற்றுக்கும் அதே கதைதான். நீங்கள் வழக்கமாக அடிக்கும் எழுத்துக்கூட்டல்களைப் பட்டியலிட்டுத் தேடுங்கள். எஸ்கேப் பட்டனை அழுத்தி ஏஜென்ட்டை நிறுத்திய இடங்களில், யூசர் இடைமறித்தார் என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு பதிவாகியிருக்கும். அதையும் தேடுங்கள். பொறுமை இழந்து நிறுத்திய இடத்தில் அநேகமாக ஒரு விதி ஒளிந்திருக்கும்.

திருத்தங்கள் தவிர இன்னொன்றும் உண்டு. ஏஜென்ட் நான்கைந்து கமாண்ட் தோற்ற பிறகு தானே கண்டுபிடித்த விஷயங்கள். டெஸ்ட் (நிரலைச் சரிபார்க்கும் நிரல்) ஓட எந்த டேட்டாபேஸ் முதலில் எழும்ப வேண்டும், எந்த ஃபோல்டரிலிருந்து ஓட்ட வேண்டும் போன்றவை. இதே தேடலை அது ஒவ்வொரு செஷனிலும் புதிதாகச் செய்துகொண்டிருக்கும்.

கிடைத்த ஒவ்வொன்றுக்கும் மூன்று விஷயம் குறித்துக்கொள்ளுங்கள்: ஏஜென்ட் என்ன செய்தது, நீங்கள் என்ன சொன்னீர்கள், ஏன் சொன்னீர்கள். மூன்றாவது பெரும்பாலும் பதிவில் இருக்காது; உங்கள் தலையில்தான் இருக்கும். அதை எழுதாமல் விட்டால் ஸ்கில் வெறும் உத்தரவுப் பட்டியலாகிவிடும். காரணம் தெரிந்தால் ஏஜென்ட் புதுச் சூழ்நிலையிலும் சரியாக முடிவெடுக்கும்.

எங்கள் பதிவுகளில் அதிகம் வந்தது தமிழ் பில் அச்சடிப்பது. ஏஜென்ட் ஒவ்வொரு முறையும் சரக்குப் பெயருக்குப் பின்னால் வெற்றிடம் நிரப்பி, விலைகளை ஒன்றின்கீழ் ஒன்றாகப் பத்தியாக நிறுத்தப் பார்க்கும். ஆங்கிலத்துக்கு இது சரி. தமிழில் “மீனாட்சி” என்பது நமக்கு நாலு எழுத்து. கம்ப்யூட்டர் எழுத்தைச் சேமிக்கும் யூனிகோடில் எட்டுக் குறிகள். நீளத்தை எட்டு என்று எடுத்தால் அந்த வரியில் விலை இடம் தவறிவிடும். சரி, எழுத்துகளாக எண்ணலாம் என்றால் “ணை” எடுக்கும் அகலமும் “ட்” எடுக்கும் அகலமும் ஒன்றல்ல. மேலும் கடைகளில் இருக்கும் தெர்மல் பிரிண்டர்களில் பெரும்பாலானவற்றுக்குத் தமிழ் எழுத்தைச் சேர்த்து வடிவமைக்கத் தெரியாது. ஆகவே பில்லைப் படமாக வரைந்து, படத்தைத்தான் பிரிண்டருக்கு அனுப்ப வேண்டும். இது முதல் திருத்தம்.

இன்னொரு செஷனில் ஏஜென்ட் பைதானின் பில்லோ நூலகத்தை வைத்துப் படம் வரைந்தது. கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றது. பில்லோவில் ராக்ம் என்ற வடிவமைப்புப் பகுதி இணைந்திருந்தால்தான் தமிழ் சரியாக வரும் என்பது இரண்டாவது திருத்தம். மூன்றாவது அகலம்: 80 மிமீ தாளில் அச்சாகும் பகுதி 72 மிமீ, மில்லிமீட்டருக்கு 8 புள்ளி வீதம் 576 புள்ளிகள். 58 மிமீ தாளுக்கு 384.

நான்காவது எந்த ஆவணத்திலும் இல்லாதது. பெயர் நீளமாக இருந்தால் ஏஜென்ட் கடைசியில் வெட்டிவிடும். ஒரு பலசரக்குக் கடை அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டு, “பேர வெட்டிறாதீங்க தம்பி, பாதிப் பேர வச்சுக்கிட்டு பையன் எந்த மூட்டைய எடுப்பான்?” என்றார். பில்லைக் கையில் வைத்துக்கொண்டுதான் குடோனில் சரக்கு எடுக்கிறார்கள். எனவே நீளமான பெயர் இரண்டாம் வரிக்கு இறங்க வேண்டும், விலை முதல் வரியிலேயே நிற்க வேண்டும். எத்தனை பெரிய மாடல் வந்தாலும் அண்ணாச்சி கடை குடோனை அது பார்த்திருக்கப் போவதில்லை. இந்த ஒரு வரிக்காகவே அந்த ஸ்கில்லை எழுதலாம்.

4. ஸ்கில் எழுதும் முன் சுத்தம் செய்யுங்கள்

செஷன் பதிவுகளில் உண்மையான ஆட்களின் விவரம் கிடக்கும்: வாடிக்கையாளர் கைபேசி எண், கடன் பாக்கி, டேட்டாபேஸ் பாஸ்வேர்டு. ஜிஎஸ்டி எண் 15 எழுத்து. முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் அப்படியே பான் எண். தனியாள் நடத்தும் கடையின் ஜிஎஸ்டி எண் வெளியே போனால் அவருடைய பான் எண்ணும் போகிறது என்று அர்த்தம். நம்மை நம்பிக் கடைக்காரர் கொடுத்த தகவல் அது. பதிவைத் திரும்ப ஏஜென்ட்டிடம் கொடுத்து அலசச் சொல்வதற்கு முன்பே இவற்றை ஸ்கிரிப்ட் வைத்துப் பொய் மதிப்புகளாக மாற்றிவிடுங்கள். அதன் பிறகும் ஒருமுறை கண்ணால் பாருங்கள். கிட்டில் (நிரலின் மாற்றங்களை வரலாறாகச் சேமிக்கும் கருவியில்) ஏறிய பாஸ்வேர்டை வரலாற்றிலிருந்து நீக்குவது பெரிய பாடு. உடனே பாஸ்வேர்டை மாற்றுவதுதான் வழி.

5. எழுதுவது

ஒரு வேலைக்கு ஒரு ஸ்கில். எங்கள் திருத்தங்களில் பில் அச்சும் இருந்தது, வரிக் கணக்கும் இருந்தது. இரண்டையும் பில்லிங் என்ற ஒரே ஸ்கில்லாக்கத் தோன்றும். ஆனால் அச்சைத் திருத்தும்போது வரி விதிகள் தேவையில்லை. எப்போது தேவைப்படும் என்பதை வைத்துப் பிரியுங்கள்.

அதிக நேரம் செலவிட வேண்டியது விளக்கத்தில். உடல் எவ்வளவு நன்றாக இருந்தாலும், விளக்கம் பொருந்தவில்லை என்றால் ஏஜென்ட் அதைத் திறக்கவே திறக்காது. “பில் அச்சடிக்க உதவும்” என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. இப்படி எழுதலாம்:

> 80 மிமீ, 58 மிமீ தெர்மல் பிரிண்டரில் தமிழ் பில் அச்சடிக்கும் நிரலை எழுதவும் திருத்தவும் உரிய விதிகள். பில் அகலம், விலைப் பத்தி கோணல், கொம்பு இடம் மாறுதல், சரக்குப் பெயர் வெட்டுப்படுதல் பற்றிய வேலை வந்தால் பயன்படுத்தவும். ஏ4 இன்வாய்ஸ், பிடிஎஃப் வேலைக்கு அல்ல.

என்ன செய்யும், எப்போது வேண்டும், எப்போது வேண்டாம் என்ற மூன்றும் இதில் இருக்கின்றன. “கோணல்”, “வெட்டுப்படுதல்” போன்ற சொற்கள் நம் ஆட்கள் உண்மையில் அடிப்பவை. நீங்கள் பதிவுகளில் தேடிய அதே சொற்களை இங்கே கொண்டுவந்து போடுங்கள்.

உடலில் மாடலுக்கு ஏற்கெனவே தெரிந்ததை எழுத வேண்டாம். பைதான் என்றால் என்ன, நல்ல நிரல் எப்படி இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதற்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். எங்கள் அச்சு ஸ்கில்லின் உடல் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

> பில்லை எழுத்தாக அனுப்பாதே. படமாக வரைந்து அனுப்பு. கடைகளில் உள்ள பிரிண்டர்கள் தமிழைச் சேர்த்து வடிவமைக்காது.
>
> அகலத்தை எழுத்து எண்ணிக்கையால் கணக்கிடாதே. ஃபான்ட்டை வைத்துப் புள்ளியில் அள.
>
> சரக்குப் பெயரை வெட்டாதே. இரண்டாம் வரிக்கு இறக்கு. விலை முதல் வரியில் நிற்கட்டும். பில்லைப் பார்த்துத்தான் குடோனில் சரக்கு எடுக்கிறார்கள்.
>
> மாற்றம் செய்தபின் சோதனை ஸ்கிரிப்ட்டை ஓட்டி, வந்த படத்தைத் திறந்து பார்.

அந்தச் சோதனை ஸ்கிரிப்ட் ஸ்கில் ஃபோல்டருக்குள்ளேயே இருக்கிறது. ராக்ம் இணைந்திருக்கிறதா என்று பார்க்கும். “ஸ்ரீ மீனாட்சி ஸ்டோர்ஸ்”, “கொத்தமல்லி”, “சௌசௌ” என்ற பெயர்களோடு ஒரு மாதிரி பில்லை வரையும். அகலம் 576 தானா என்று சரிபார்க்கும். இருபுறமும் வரும் உயிர்மெய்க் குறிகளும் கூட்டெழுத்தும் அந்த மூன்று பெயர்களில் வந்துவிடுகின்றன. வாயால் விளக்கக் கஷ்டமானதை ஸ்கிரிப்ட்டாக வைப்பது எப்போதும் நல்லது.

மொழி பற்றி ஒரு வார்த்தை. தமிழ் எழுத்துக்கு ஆங்கிலத்தைவிட டோக்கன் (மாடல் படிக்கும் எழுத்துத் துண்டு) அதிகம் செலவாகும். அதனால் உடலை எளிய ஆங்கிலத்தில் எழுதி, தமிழ் உதாரணங்களையும் நம் ஆட்கள் பேசும் சொற்களையும் மட்டும் அப்படியே வைப்பது என் விருப்பம். குழுவில் தமிழில்தான் சுலபமாகப் படிப்பார்கள் என்றால் தமிழிலேயே எழுதுங்கள். ஏஜென்ட்டுக்குப் புரியும். உடல் 500 வரிக்குள் இருக்கட்டும். மிஞ்சினால் துணை ஃபைலுக்கு மாற்றி, எப்போது அதைத் திறக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள்.

6. புது செஷனில் சோதனை

ஸ்கில் எழுதிய அதே செஷனில் சோதிப்பதில் பயனில்லை. அங்கே ஏஜென்ட்டுக்கு எல்லாமே தெரியும். புது செஷன் திறந்து, ஸ்கில்லின் பெயரைச் சொல்லாமல், உங்கள் சக ஊழியர் கேட்பது போலக் கேளுங்கள்: “58 மிமீ பிரிண்டர்ல விலை கோணலா வருது, சரி பண்ணு.” ஏஜென்ட் தானாக ஸ்கில்லைத் திறக்க வேண்டும். பிறகு திறக்கக் கூடாத ஒன்றையும் கேளுங்கள்: “ஏ4 இன்வாய்ஸ்ல லோகோ சேர்க்கணும்.”

ஸ்கில் திறக்கவில்லை என்றால் விளக்கத்தைத் திருத்துங்கள். திறந்தும் விதியை மீறினால் உடலைப் பாருங்கள். அநேகமாகக் காரணம் எழுதாமல் விட்டிருப்பீர்கள், அல்லது முக்கியமான விதி பத்தோடு பதினொன்றாக நடுவில் கிடக்கும். கடைசியாக ஸ்கில் ஃபோல்டரை ஒதுக்கிவைத்து அதே கேள்வியைக் கேளுங்கள். விடையில் வித்தியாசம் இல்லையென்றால் அந்த ஸ்கில் தேவையில்லை, நீக்கிவிடலாம்.

7. குழுவுக்குக் கொடுப்பதும் காலாவதியும்

உங்களுக்கு மட்டும் என்றால் ஹோமில் உள்ள கிளாட் ஃபோல்டருக்குள் ஸ்கில்ஸ் என்ற ஃபோல்டரில் வையுங்கள். குழுவுக்கு என்றால் ரெப்போவுக்குள் அதே அமைப்பில் வைத்து கிட்டில் ஏற்றுங்கள். நிரலைப் போலவே, மற்றவர் படித்துப் பார்த்த பிறகுதான் ஸ்கில்லும் ரெப்போவில் சேர வேண்டும். வெளியிலிருந்து ஸ்கில் எடுப்பதாக இருந்தால் அதிலுள்ள ஸ்கிரிப்ட்டுகளை முழுக்கப் படித்த பிறகே வையுங்கள்; அவை உங்கள் கம்ப்யூட்டரில் ஓடக்கூடியவை.

மாறக்கூடிய எண்ணை ஸ்கில்லில் எழுதாதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியில் 12, 28 சதவீத அடுக்குகள் பெரும்பாலும் போய், 5, 18 என்று மாறின. பழைய சதவீதத்தை எழுதி வைத்த ஸ்கில் ஒன்று அன்று இருந்திருந்தால், காலையிலேயே தவறாகியிருக்கும். எழுத வேண்டியது விதியை: “வரி சதவீதத்தை, அமலுக்கு வந்த தேதியோடு உள்ள அட்டவணையிலிருந்து பில் தேதியை வைத்து எடு, பழைய பில்லை மறுபடி அச்சடித்தால் பழைய வரியே வர வேண்டும்.” இது எந்த மாற்றத்துக்கும் தாங்கும்.

மீறவே கூடாத விதியை ஸ்கில்லை மட்டும் நம்பி விடவும் வேண்டாம். 33 ரூபாய் சரக்குக்கு 5 சதவீதம் 1.65. மாநில வரி, மத்திய வரி என்று பாதியாக்கினால் தலைக்கு 82.5 காசு, இரண்டையும் 83 ஆக்கினால் கூட்டு 1.66. எங்கள் விதி, இரண்டையும் தனித்தனியே கணக்கிட்டு முழுமையாக்கி, அதன் பிறகே கூட்டுவது. ஸ்கில்லில் இது இருக்கிறது. கூடவே இதே 33 ரூபாய்க்கு டெஸ்ட்டும் இருக்கிறது. ஸ்கில் சொல்வதை ஏஜென்ட் சில நேரம் விட்டுவிடலாம், டெஸ்ட் விடாது.

இனி வரும் செஷன்களுக்கு

பழைய பதிவுகளை ஒருமுறை அலசி முடித்தபின், ஒவ்வொரு வேலையின் முடிவிலும் செஷனை மூடுவதற்கு முன் இதைக் கேட்டுவிடுங்கள்:

> இந்த செஷனில் நான் உன்னைத் திருத்திய இடங்களை மட்டும் பட்டியலிடு. ஒவ்வொன்றுக்கும் நீ செய்தது, நான் சொன்னது, நான் சொன்ன காரணம் ஆகியவற்றை எழுது. காரணம் நான் சொல்லவில்லை என்றால் ஊகிக்காதே, என்னைக் கேள். பொதுவான அறிவுரை எதுவும் சேர்க்காதே.

கடைசி வாக்கியம் இல்லாவிட்டால் “தெளிவான பெயர்களை வையுங்கள்” என்ற ரகத்தில் அரைப்பக்கம் வரும். செஷன் மிக நீளமாகி, நடுவில் ஏஜென்ட் பழைய பேச்சைச் சுருக்கிக்கொண்டிருந்தால், ஆரம்பத்தில் செய்த திருத்தங்கள் இந்தப் பட்டியலில் விட்டுப்போகலாம். அந்த மாதிரி நாளில் ஜேசன்எல் ஃபைலிலிருந்து உங்கள் வரிகளை எடுத்து, பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வந்த பட்டியலை உடனே ஸ்கில்லில் சேர்க்காமல் ஒரு தனிக் குறிப்பு ஃபைலில் போட்டு வையுங்கள். அதே திருத்தம் இன்னொரு செஷனிலும் வந்தால், அப்போது உரிய ஸ்கில்லுக்கு மாற்றிவிட்டு ஆறாம் படியின் சோதனையை மறுபடி ஓட்டுங்கள்.